ஊறப்போட்ட காபி

போன சனிக்கிழமை காபித்தூள் கடையில் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

"வழக்கம்போல நைஸாதானே சார்?" என்றார் கடைக்காரர்.

"இல்ல. ரவை மாதிரி வேணும். சிக்கரி வேணாம்."

மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "ரவையா? இன்னா சார், காபித்தூள்ல உப்பிட்டு கிண்டப் போறீங்களா?"

பக்கத்தில் நின்றவரும் சிரித்தார். நான் பையை நீட்டினேன். வேறென்ன செய்ய?

விஷயம் இதுதான். எனக்கு நெஞ்செரிச்சல். காலையில் காபி குடித்தால் மத்தியானம் வரை எரியும். ஏணிமேல் நின்று ஃபேன் மாட்டும்போதும் எரியும். டாக்டர் காபியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

எரிச்சல் போயிற்று. கூடவே இன்னொன்றும் போயிற்று.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை — இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். என் மனைவி செல்வியோடு பேசுவது காலைக் காபி நேரத்தில் மட்டும்தான். ஆளுக்கு ஒரு டம்ளர், ஒரு டபரா. கேஸ் தீர்ந்தது, அவள் தம்பி போன் பண்ணியது, மாடி வீட்டுச் சண்டை... எல்லாம் அப்போதுதான் வரும். என் காபி நின்றதும் அவள் அடுப்படியிலேயே நின்று குடித்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். என் முன்னால் குடிக்க மனசு வரவில்லையாம். நான் வெந்நீரோடு உட்கார்ந்திருந்தேன். வெந்நீரை வைத்துக்கொண்டு என்ன பேசுவது?

இதை மருமகள் ரேகா கவனித்திருக்கிறாள்.

"மாமா, கோல்ட் ப்ரூ போடலாம். அடுப்பே வேணாம். பச்சத்தண்ணில ராத்திரி பூரா ஊறினா போதும். ஆசிட் கம்மியாம். டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன், அரை டம்ளர் குடிச்சுப் பார்க்கட்டும்னாரு."

"ஊறப்போட இது இன்னா, உளுந்தா?" என்றாள் செல்வி.

"எங்க ஆபீஸ்ல எல்லாரும் இதான் குடிக்கிறாங்க அத்தே."

"ஏன், யார் வீட்லயும் கேஸ் இல்லியா?"

முதல் தடவை ரேகா வீட்டில் இருந்த நைஸ் தூளையே ஊறப்போட்டாள். காலையில் வடிகட்டியில் இறங்கவில்லை. வேட்டித் துணியில் பிழிந்தார்கள். மழைக்காலத்தில் லாரி போன ரோடு மாதிரி இருந்தது.

"செடிக்கு ஊத்து," என்றாள் செல்வி. "அதுக்கு நெஞ்செரிச்சல் வராது."

அதனால்தான் ரவை.

இரண்டாம் தடவை செல்வியே குறுக்கே வந்தாள். காய்ச்சாத தண்ணீர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் போகாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, அப்புறம்தான் தூளில் ஊற்ற விட்டாள். அடுப்பே வேண்டாத காபிக்கு அரை மணி நேரம் அடுப்பு எரிந்தது. ரேகா பாத்திரத்துக்கு மூடி எடுத்து வந்தாள். புத்திசாலிப் பெண்.

ஞாயிறு காலை. ரேகா ஐஸ் போட்டுக் கண்ணாடி கிளாஸில் கொண்டுவந்தாள். கிளாஸ் எனக்குப் பழக்கமில்லை. டம்ளரிலும் டபராவிலும் கேட்டேன். மாற்றிக் கொடுத்தாள்.

செல்வி தன் சூடான காபியோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "இந்தக் கூத்தைப் பார்க்காம எப்படி?"

அவள் டபராவில் ஊற்றி ஆற்றினாள். நானும் ஆற்றினேன். மேலே தூக்கி, ஒரு சொட்டு சிந்தாமல்.

"மாமா..." என்றாள் ரேகா. "அது ஏற்கெனவே ஜில்லுன்னுதான் இருக்கு."

டபராவைப் பார்த்தேன். ஐஸ் கட்டி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

செல்விக்குப் புரையேறிவிட்டது. "ஐஸை ஆத்துறாரு பாரு! இன்னும் எவ்ளோ ஆறணுமாம்?"

"கை பழகிடுச்சு."

"சரி, எப்படி இருக்கு?"

"காபி மாதிரி."

"மாதிரின்னா?"

"காபி இல்ல."

ரேகாவும் சிரித்துவிட்டாள். நான் இன்னொரு வாய் குடித்தேன். நிஜமாகவே மோசமில்லை.

செல்வி எழுந்து போகவில்லை. மாடி வீட்டுச் சண்டையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்தாள் போல. கேட்டுக்கொண்டே ஆற்றினேன். சொல்லிக்கொண்டே ஆற்றினாள். என் ஐஸ் கரைந்துவிட்டது. அவள் காபி ஆறிப்போனது. கடைசியில் இரண்டு பேரும் ஒரே சூட்டில் இருந்த காபியைத்தான் குடித்தோம்.

அன்று ராத்திரி அடுப்படியில் தண்ணீர் கொதித்தது. பக்கத்தில் ரவைத்தூள். நிற்பது ரேகா இல்லை.

"யார் வீட்ல கேஸ் இல்ல?" என்றேன்.

"சும்னே, பேசாம போய்ப் படுங்க," என்றாள் செல்வி.

இதுவரை எரிச்சல் இல்லை. மாடி வீட்டுச் சண்டைதான் இன்னும் பாதியில் நிற்கிறது — நாளைக்கும் ஐஸை ஆற்ற வேண்டும்.