தோட்டத்து ரயிலும் நாற்பத்தேழாம் நம்பரும்

இது நடந்தது. நடந்த வீடு அண்ணாமலை நகரில் இன்னும் இருக்கிறது. நடந்த நாள் 2008 ஜனவரி 20, ஞாயிற்றுக்கிழமை. நேரம் பகல் 12.52. வீட்டு விஷயத்தை வெளியில் பேசுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. என் தம்பி திருநாவுக்கரசு எல்லாவற்றையும் என்னிடம்தான் சொன்னான். எனக்கு வயது எழுபத்தெட்டு. இனிமேல் மறைத்துக் காப்பாற்ற எங்களிடம் எதுவும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

திருநாவுக்கரசு ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்டேஷனில் பல வருஷம் இருந்தான். ஸ்டேஷன் பெயர் வேண்டாம். 2006 கடைசியில், அகலப் பாதை போடுவதற்காக அந்தப் பக்கம் மீட்டர் கேஜ் வண்டிகளை நிறுத்தினார்கள். அன்று சாயங்காலமே அவன் கிராஃப் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டான். கடலூர் சிதம்பரம் பாதையை வீட்டுத் தோட்டத்தில் சின்னதாகக் கட்டப் போகிறேன் என்றான்.

கட்டினான். ஒரு வருஷம் ஆயிற்று. வாழைகளை வெட்டி எறிந்துவிட்டு ரசமட்டம் வைத்துத் தரையைச் சீராக்கினான். தேக்குச் சில்லுகளை ஒரே அளவில் அறுத்துக் கட்டைகள் செய்தான். அலுமினியப் பட்டையில் தண்டவாளம். சிமெண்டில் வெள்ளாற்றுப் பாலம். தகரத்தில் கைகாட்டி மரங்கள். மின்சார வேலை முழுவதும் லூர்துசாமி பார்த்தார். ரயில்வேயில் சிக்னலும் போனும் பழுது பார்த்தவர். காரின் வைப்பர் மோட்டார் ஒன்றைப் போட்டு இஞ்சினை ஓட வைத்தார். பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு கேட் போனையும் வாங்கி வந்தார். கைப்பிடியைச் சுற்றிப் பேசுகிற கறுப்புப் பெட்டி. அழகுக்காகக் கம்பத்தில் மாட்டினார். அதற்கு ஒயர் கிடையாது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிராஃப் பேப்பர் படத்தில் எல்லாம் இருந்தது. ஒன்றைத் தவிர.

"சார், உங்க ஸ்டேஷன் தாண்டினதும் ஒரு கேட் வருமே, வுட்டுட்டீங்களே?" என்றார் லூர்துசாமி.

"அங்க கேட்டே கெடையாது."

லூர்துசாமி அவனை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் ஒயரை வெட்டப் போய்விட்டார்.

ஜனவரி 9. முதல் ஓட்டம். வண்டி கடலூரில் கிளம்பியது. பாலம் தாண்டியது. ஸ்டேஷன் தாண்டி, இரண்டு குரோட்டன்ஸ் செடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. லூர்துசாமி மீட்டரை வைத்துப் பார்த்தார். கரண்ட் சரியாக இருந்தது. மோட்டாரில் சூடு இல்லை. விரலால் தள்ளியதும் ஓடியது. திருநாவுக்கரசு பழக்க தோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தான். 12.52.

மறுநாளும் அதே இடம். அதே நேரம். அதற்கு மறுநாளும்.

12ஆம் தேதி, அந்த இடத்தில் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஈர்க்குச்சி நட்டிருந்தது. நேராக, வானத்தைப் பார்த்து... தூக்கிவிட்ட கேட் மாதிரி.

"மங்கலம், இது யாரு வேலை?"

"எனக்கு வேற வேலை இல்லியா? பொங்கலுக்கு வீடு கழுவ ஆளில்லாம நான் கெடக்கறேன். நீங்க சொப்பு வச்சி வெளையாடிட்டு என்னைக் கேக்கறீங்க" என்றாள் அவன் மனைவி.

குச்சிகளைப் பிடுங்கி எறிந்தான்.

13ஆம் தேதி. நல்ல வெயில். தோட்டத்தில் அவன் மட்டும்தான். 12.52.

கிர்ர்... கிர்ர்...

கம்பத்தில் இருந்த போன்.

எடுத்தான். இரைச்சல். தந்திக் கம்பத்தில் காது வைத்தால் கேட்குமே, அந்த இரைச்சல். பிறகு ஒரு குரல், நிதானமாக.

"மாஸ்டர்... பழனிவேலு பேசறேன். கேட் தொறந்துகெடக்குது."

பழனிவேல் யார் என்று சொல்லிவிடுகிறேன். அந்த இல்லாத கேட்டின் கேட் கீப்பர். வண்டி வருமுன் ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்வார். கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு, ரயில்வே அச்சடித்துக் கொடுத்த தாளில் அடுத்து இருக்கிற நம்பரைச் சொல்லி, அதைக் கோடு போட்டு அடித்துவிடுவார். மாஸ்டர் அந்த நம்பரைப் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் கைகாட்டியை இறக்கி வண்டிக்கு வழி விட வேண்டும். நம்பர் வந்தால் கேட் மூடியிருக்கிறது என்று பொருள்.

1988இல் ஒரு நாள் பகல் 12.52 வண்டிக்காகத் திருநாவுக்கரசு போன் செய்தான். எடுக்க ஆளில்லை. வண்டி காத்திருந்தது. கைகாட்டியை இறக்கிவிட்டான். திறந்திருந்த கேட்டில் மொபெட்டில் வந்த புருஷனும் பெண்டாட்டியும் ரயிலில் அடிபட்டுச் செத்தார்கள். கேட் ரூமுக்கு முதலில் ஓடியவன் என் தம்பி. தாளில் அடுத்த நம்பர் நாற்பத்தேழு. அதைத் தானே அடித்தான். திரும்பி வந்து, பழனிவேல் போனில் சொன்ன மாதிரி, தன் புத்தகத்தில் நாற்பத்தேழு என்று எழுதினான்.

பழனிவேல் அப்போது எங்கே இருந்தான்? என் வீட்டில். என் மகள் கல்யாணத்துக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தான். வண்டி வருமுன் திரும்பிவிடு என்று சொல்லி அனுப்பியதும் என் தம்பிதான். விசாரணைக்கு வந்தவர்கள் என்னைக் கேட்டார்கள். அவன் என் வீட்டுக்கு வரவே இல்லை என்றேன். கல்யாண வீடு. சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். "நம்பர் நான் குடுக்கல சார்" என்பதையே அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். வேலை போனது. மூன்று மாதம் கழித்து அதே கேட்டில், அதே வண்டிக்குக் கழுத்தைக் கொடுத்தான்.

16ஆம் தேதி, திருநாவுக்கரசு தகரத்தில் ஒரு கேட் செய்து அந்த இடத்தில் வைத்தான். மூடி, செம்புக் கம்பியால் நாலு சுற்றுச் சுற்றி முறுக்கினான். மறுநாள் பகல் கேட் தூக்கி நின்றது. கம்பி அறுபடவில்லை. பிரித்து, வளையமாகச் சுருட்டி, பக்கத்தில் வைத்திருந்தது.

போன் அடித்தது.

"நம்பர் நான் குடுக்கல மாஸ்டர். நாலு பேரு முன்னாடி அத ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அது போதும். எம் மானத்தக் குடுத்துடுங்க."

"செத்தவனுக்கு என்னடா மானம்?" என்றான் என் தம்பி.

போனைக் கம்பத்தில் திரும்ப மாட்டினான்.

20ஆம் தேதி. அவன் மகன் சேரனுக்குப் பேசியிருந்த பெண் சுவேதாவின் வீட்டார் வந்திருந்தார்கள். தட்டு மாற்றுகிற நாள். அதற்கு முன் தோட்டத்து ரயிலைக் காட்டுவது என்று ஏற்பாடு. பெண்ணின் அப்பா ஞானசேகரன் கலகலப்பானவர்.

"சம்பந்தி, டிக்கெட் உண்டா?"

"உங்களுக்கு பாஸ் சம்பந்தி."

"முப்பத்தாறு வருஷ சர்வீஸ், ஒரு ரிமார்க் கெடையாதாமே?"

"ஒண்ணும் கெடையாது" என்றான். நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

பதினொரு மணிக்கு ஓட்டுவதாக இருந்தது. அவர்கள் வந்ததே பன்னிரண்டுக்கு. சேரனும் வரவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறவன், பைக்கில் வந்துகொண்டிருந்தான். 12.40க்கு செல்போனில் பேசினான். "குறுக்கு வழில வர்றேன்ப்பா. நான் வராம ஆரம்பிச்சிடாதீங்க."

"வண்டி ஆளுக்காக நிக்காதுடா" என்றான் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

12.52.

கிர்ர்... கிர்ர்...

ஞானசேகரன் கை தட்டினார். "போன்லாம் அடிக்குதே! பிரமாதம்!"

லூர்துசாமி எழுந்து நின்றுவிட்டார்.

திருநாவுக்கரசு போனை எடுத்தான்.

"மாஸ்டர்... கேட் தொறந்துகெடக்குது. வண்டிய வுடாதீங்க. கடைசியாக் கேக்கறேன். சொல்லிடுங்க."

"இன்னா சொல்றாரு உங்க கேட் கீப்பரு?" ஞானசேகரன் சிரித்தார்.

காலையில் முறுக்கிக் கட்டிய கேட் தூக்கி நின்றது. நானே பார்த்தேன்.

தம்பியின் உதடு அசைந்தது. சொல்லத்தான் வந்தான். என்னைப் பார்த்தான்.

நான் லேசாகத் தலையை ஆட்டினேன்.

வேண்டாம் என்று.

"கேட் மூடியாச்சாம்" என்றான் எல்லோருக்கும் கேட்க. "நம்பர் நாப்பத்தேழு."

கைகாட்டியை இறக்கினான்.

வண்டி கிளம்பியது. பாலம்... ஸ்டேஷன்...

முதல் தடவையாக அந்த இடத்தில் நிற்கவில்லை.

"டக்" என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம். தண்டவாளத்தில் எதுவும் கிடக்கவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள்.

அவன் காதில் மட்டும் குரல் கேட்டது.

"சரி மாஸ்டர். எழுதிக்குங்க."

1.25க்கு போலீசிலிருந்து போன் வந்தது. வீட்டு போனில்.

சேரன் பழனிவேலின் அந்தப் பழைய கேட்டில் செத்துக் கிடந்தான். பைக் இரண்டாக மடிந்திருந்தது. உடம்பை முப்பது அடி இழுத்துக்கொண்டு போயிருந்தது. சட்டை முழுக்கக் கறுப்பு கிரீஸ். வயலில் இருந்த இரண்டு பேர் விசில் சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். உடலைப் பரிசோதித்த டாக்டர், ரயில் மோதிய காயங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

போலீஸ் அதிகாரி அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். படிக்கும் வரை காத்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பெரியவரே... அந்த எடத்துக்கு நீங்க போய்ப் பாத்தீங்களா?"

மறுநாள் போனேன். தம்பியும் வந்தான்.

புல் முளைத்த மண்மேடு. அவ்வளவுதான்.

அங்கிருந்த தண்டவாளத்தை நவம்பரிலேயே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.