குவளையில் எழுந்த கோடு

கோட்டம்மாவுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததே சோதனைக்கூடத்து மெஷினால்தான். பொருளை உள்ளே வைத்து எக்ஸ்ரே பாய்ச்சினால், அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் பதிலுக்குத் தன் கதிரை விடும். திரையில் அததற்கென்று உள்ள இடத்தில் கோடு எழும்பும். அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவளுக்கு ஊர் உலகமே மறந்துபோகும். மூடிய அறை, இருட்டில் மெல்ல முளைக்கும் பச்சைக் கோடுகள். "துத்தநாகம், வந்துட்டியா? வா வா" என்று கனவில் பேசுவதுபோல் பேசுவாள். பக்கத்து மேஜையில் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே, அவளுக்கென்ன!

அன்று தங்கச்சி ஒரு பூப்போட்ட குவளையோடு வந்தாள். "பிள்ளைக்கு வயித்துவலி விட்டபாடில்லக்கா. இதுல பால் குடுக்கிறது என் ஓரகத்தி. தனக்குப் பிள்ளையில்லாத வயித்தெரிச்சல். எதையோ கலக்குறா."

மெஷின் கோடு எழுப்பி, ஆர்செனிக் என்று பேரும் போட்டது. பாஷாணம்! கோட்டம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொல்லிவிட்டாள். தங்கச்சி தலைதெறிக்க வீட்டுக்கு ஓடினாள்.

அப்புறம்தான் உறைத்தது. அடிப்பாவி, ஒற்றைக் கோட்டை நம்பலாமா? ஆர்செனிக்கும் ஈயமும் ஒரே இடத்தில் வந்து நிற்கிற ஜென்மங்கள். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் தள்ளி எழும் துணைக்கோட்டைப் பார்த்தால்தான் ஆள் யாரென்று தெரியும். ஆர்செனிக்கின் குட்டைத் துணை நிற்கவேண்டிய இடம் காலி. அதையும் தாண்டி, நெட்டையாக ஈயத்தின் துணை நின்றது. ஈயம் பூவின் பெயிண்டில் இருந்தது. பிள்ளை கடித்துக் கடித்து விளிம்பெல்லாம் உதிர்ந்திருந்தது.

போன் செய்தாள். "ஈயம்டி! பிள்ளைய உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. அவங்க மேல தப்பே இல்ல!"

"அவள வெளிய தள்ளியாச்சேக்கா..."

ஓரகத்தி பஸ் ஸ்டாப்பில் ஒரு பையோடு உட்கார்ந்திருந்தாள். மூச்சிரைக்க வந்த கோட்டம்மா எல்லாவற்றையும் கொட்டினாள். "தப்பு என்னோடதுக்கா. மெஷின் பேர் போட்டதும் நம்பிட்டேன். வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"பிள்ளைக்குச் சரியாயிடுமா?"

"மருந்து இருக்குக்கா."

ஓரகத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ மெஷினப் பாத்து நம்பின, சரி. அவ எதப் பாத்து நம்பினா? அந்தப் பிள்ளை பொறந்ததுலேருந்து என் நெஞ்சுலதானே தூங்குது."

பஸ் வந்ததும் ஓரகத்தி ஏறினாள். எங்கே போகிற பஸ் என்றுகூடப் பார்க்காமல் கோட்டம்மாவும் பின்னாலேயே ஏறினாள்.