அம்மிணி பக்கத்துச் சீட்டு

இன்று ராசிபுரம் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. ஆனால் ஒரு திருநங்கை பக்கத்தில் மட்டும் சீட்டு காலி.

எனக்குத் தெரிந்த அம்மிணிதான். நானும் அவளும் மாதாமாதம் பெரியாஸ்பத்திரியில் எச்ஐவி மாத்திரை வாங்குகிற இடத்தில் வம்பிழுத்துக்கொள்வோம். மருமகளிடம் அது முட்டிவலி மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே வருகிறவர்கள் வெளியில் பார்த்தால் தெரியாத மாதிரிப் போய்விடுவது வழக்கம்.

நான் போய் உட்கார்ந்தேன். "ஏனம்மிணி, ஜன்னல் சீட்டு உங்கப்பன் ஊட்டுதா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்லச் சொன்னாள். "என் கதை ஊருக்கே தெரியுமுங்க அப்புச்சி. உங்க ஊர்க்காரங்க பாக்கறாங்க, எந்திரிச்சுப் போயிருங்க."

"போனா யாருகிட்டப் பேசறது? எங்கூட்ல சோறு தின்னியான்னு கேக்கக்கூட ஆளில்ல."

அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டாள். அவள் ஊர் இன்னும் தூரம்.

அம்மிணி, இதை எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறேன், இப்போது என் கதையும் ஊருக்கே தெரிந்துவிட்டது. இனி எனக்காகப் பாதியில் இறங்காதே.

மற்றவர்களுக்கு ஒன்று. நாளை பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டும் காலியாகத்தான் இருக்கும். யாராவது வருவதானால் சொல்லுங்கள், துண்டு போட்டு வைக்கிறேன்.