சந்தனம் வைத்த சிப்பு

சோரியாங்குப்பத்தில் வயரிங் வேலைக்குக் கலைச்செல்வனை நம்பிக் கூப்பிடலாம். அவன் வீட்டுக் கம்ப்யூட்டரை மட்டும் அவனிடம் நம்பி விடக்கூடாது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான்.

சுவிட்ச் போட்டதும் கம்ப்யூட்டரை எழுப்பிவிடுகிற பயாஸ் என்ற நிரல், மதர்போர்டில் ஒரு சிப்பில் இருக்கிறது. இணையத்தில் அதன் புதுப் பதிப்புகளைத் தேடி எடுத்து ஏற்றிப் பார்ப்பது இவனுக்குப் பொழுதுபோக்கு. ஏற்றியது கோளாறானால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. அதற்காகவே, பழைய பயாஸைப் பத்திரமாக வைத்திருக்கும் இன்னொரு சிப்போடு கட்டைவிரல் அளவு கருவி ஒன்றை வாங்கி மாட்டியிருந்தான். அதிலுள்ள குட்டிச் சுவிட்சைத் தள்ளினால் உயிர் வந்துவிடும். பலமுறை வந்திருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் ஆடினான்.

அன்று பதினோரு மணிக்கு அவன் மனைவி ஜெயசித்ராவுக்கு ஆன்லைனில் நேர்காணல், டைப்பிங் தேர்வோடு. பிள்ளை பிறந்து வேலையை விட்டபின் வந்த முதல் அழைப்பு. அவள் தலை பின்னப் போன நேரத்தில், அவளுக்காகக் கம்ப்யூட்டர் சீக்கிரம் ஆன் ஆகட்டுமே என்று இவன் புது பயாஸ் ஏற்றினான். திரை கறுத்தது. சுவிட்சைத் தள்ளினான். அப்போதும் கறுப்பு.

“இன்னாங்க பண்ணீங்க?” என்று வந்து நின்றாள்.

“ஒண்ணுமில்ல சித்ரா. பழைய சிப்பு இருக்குது, வந்துடும்.”

“எனக்கு இந்த வேல வேணுங்க. வெளையாடாதீங்க.”

அவள் குரல் உடைந்தது. அவன் கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினான்.

டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். போன வாரம்தான் ஆயுத பூஜை. டெஸ்டர், டிரில், ஏணி எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பொட்டு வைத்தவன், நம்மைக் காப்பாற்றுகிற சாமி ஆயிற்றே என்று இந்தக் கருவிக்கு மட்டும் தாராளமாகச் சந்தனம் அப்பியிருந்தான். அது சுவிட்சின் இடுக்கில் இறங்கிக் காய்ந்துகிடந்தது. சுவிட்ச் நகர்ந்ததே தவிர, பழைய சிப்புப் பக்கம் தொடவே இல்லை.

பழைய டூத் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டுமாக அவன் தேய்க்க, அவள் ஊசியால் சுரண்டினாள். திரையில் வெளிச்சம் வந்தபோது பத்தே முக்கால். அவள் முகத்தைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

வேலை கிடைத்தது. அடுத்த ஆயுத பூஜையில் சந்தனக் கிண்ணம் ஜெயசித்ரா கையில்தான் இருந்தது. கம்ப்யூட்டரை விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் பொட்டு வைத்தபின், “கைய நீட்டுங்க” என்றாள். அவனுடைய வலது ஆள்காட்டி விரலில் கெட்டியாகச் சந்தனம் அப்பி, குங்குமமும் இட்டாள்.

“பூஜ போட்டத இன்னிக்கி முழுக்க வேலைக்கு எடுக்கக் கூடாது. இதுவும் சும்மா இருக்கட்டும்.”

மத்தியானம் அவனுக்குச் சோறு ஊட்டிவிட்டதும் அவள்தான்.