சுவரில் நடந்த ஊர்வலம்

போன வருடம் சித்திரை வெயிலில், ஆவடி குவார்ட்டர்ஸில் நடந்தது இது. என் கணவர் பாதுகாப்புத் துறை தொழிற்சாலையில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். எங்கள் பக்கத்தில் அது ஒரு கல்யாணம் மாதிரி. கடைசி நாள் சாயங்காலம் கூட வேலை பார்த்தவர்கள் மாலை போட்டு, மேளம் அடித்து, கேட்டிலிருந்து வீடு வரைக்கும் நடத்திக் கூட்டிவந்து மனைவியிடம் ஒப்படைப்பார்கள். இத்தனை நாள் நாங்கள் பார்த்துக்கொண்டோம், இனிமேல் உங்கள் பாடு என்று கேலி வேறு.

தொழிற்சாலைக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. அதனால் அவர் வேலை செய்கிற மாதிரி ஒரு போட்டோகூட எங்கள் வீட்டில் கிடையாது. வெளியே இருப்பவர்கள் பார்க்க முடிந்தது அந்த ஊர்வலத்தை மட்டும்தான். அதைப் பார்க்கத் துடித்துக்கொண்டிருந்தவர் என் கணவரின் அக்கா, அதாவது என் மதினி. அம்மா இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். டிக்கெட் எடுத்து, பையெல்லாம் கட்டி வைத்த நேரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். ஊர்வலம் முடிந்து ஒருநாள் விட்டு மறுநாள் ஆபரேஷன். எதற்கும் அசராத மனுஷி, அதற்குப் பயந்து போயிருந்தார். உள்ளே போவதற்கு முன்னால் தம்பி வருவதைப் பார்த்துவிட்டால் போதும் என்றார். வீடியோ அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தது நான்.

எடுத்தவர் கேட்டுக்குப் பக்கத்து ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுபவர், என் கணவரின் சிநேகிதர். ஊர்வலத்துக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து நடந்து எடுத்தார், பாவம். மறுநாள் காலையில் அவர் அனுப்பியதை நான் திறந்துகூடப் பார்க்காமல் மதினிக்குத் தள்ளிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"ஏட்டி, என் தம்பி செவத்துல நடக்கான்."

திறந்து பார்த்தால் ஊரே படுத்த வாக்கில் வருகிறது. போனைத் திருப்பினால் படமும் கூடவே திரும்புகிறது. மதினியோ மல்லாந்து படுத்திருப்பவர், ஒருக்களிக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு.

ஆட்டோக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டதும் விஷயம் புரிந்தது. கேட் பக்கம் படம் எடுக்கக் கூடாது என்று போர்டு இருக்கிறது. எங்கள் பகுதி ஆட்கள் யாரும் அங்கே போனை நிமிர்த்தவே மாட்டோம், அப்படியே ஊறிப்போன பயம். இவரும் போனை வயிற்றோடு படுக்கப் போட்டு பட்டனை அமுக்கிவிட்டு, போர்டைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகுதான் தூக்கியிருக்கிறார். படுத்திருந்த நேரத்தில் எது மேல், எது கீழ் என்று போன் ஒரு முடிவு எடுத்துவிட்டது. அப்புறம் அது மாற்றிக்கொள்ளவே இல்லை.

பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் என் மகனிடம் சொன்னேன். சனிக்கிழமை வந்து சரி செய்கிறேன், அதுவரை நீ எதையும் தொடாதே, அழித்துவிடுவாய் என்றான். சனிக்கிழமைக்குள் ஆபரேஷனே முடிந்துவிடும். அந்த 'தொடாதே' எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் விட்டுப்போன பழைய லேப்டாப்பை எடுத்துத் தூசி தட்டினேன்.

முதல் வேலையாக வீடியோவை இன்னொரு பிரதி எடுத்து வைத்தேன். அழிந்தால் பிரதிதானே அழியும். நெட்டில் தமிழில் சொல்லித் தரும் ஒருவரின் பேச்சைக் கேட்டு, இலவச எடிட்டிங் சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கினேன். சுழற்றுகிற பட்டனை ஒரு தட்டு தட்டியதும் என் வீட்டுக்காரர் மாலையும் கழுத்துமாக எழுந்து நின்றார். தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். அந்தச் சந்தோஷம் எங்கள் தெருமுனை வரைக்கும்தான். அங்கே திரும்பியதும் மேளக்காரர்கள் உட்பட எல்லோரும் வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கினார்கள்.

மறுபடியும் ஆட்டோக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஊட்டாண்ட வர சொல்ல கை வலிச்சுதுக்கா. இந்தக் கைலேர்ந்து அந்தக் கைக்கு மாத்திகினேன், அவ்ளோதான்" என்றார்.

அவ்வளவுதானா! வீட்டுப் பக்கம் வரும்போது கை மாற்றியதில் போனும் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. படம் கிறுகிறுவென்று சுற்றுகிற இடத்தைத் தேடிப் பிடித்து, ரவிக்கைத் துணியை வெட்டுகிற மாதிரி அங்கே வெட்டினேன். முதல் துண்டை வலப்பக்கம் திருப்பினேன், இரண்டாவதை இடப்பக்கம். இரண்டும் நிமிர்ந்தன, ஆனால் படம் சுருங்கி, மேலும் கீழும் கருப்பாக, நடுவில் எறும்பு ஊர்வலம் போல ஆனது. படத்தைச் சுற்றியிருக்கும் சட்டம் இன்னும் உயரவாக்கில் இருந்ததுதான் காரணம். அதை டிவி மாதிரி அகலமாக மாற்றியதும் ஊர்வலம் நிறைந்து வந்தது. சேமிக்கப் போட்டுவிட்டு, சாதத்தையும் வைத்துவிட்டு, குக்கர் பக்கமும் லேப்டாப் பக்கமும் மாறி மாறி ஓடினேன்.

சாயங்காலம் அனுப்பினேன். பார்த்துவிட்ட அடையாளம் விழுந்தது, பதிலைக் காணோம். மறுபடியும் சாய்ந்துவிட்டதோ என்று நானே இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். அப்புறம் மதினியே கூப்பிட்டார். தம்பி நன்றாக வருகிறான், மகளை மூன்று தடவை போடச் சொன்னேன், உன் மகன் உட்கார்ந்து சரி செய்தானா என்று கேட்டார். நான்தான் செய்தேன் என்றேன். சரி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். இத்தனை வருடத்தில் என் சாம்பாரைக்கூட ஒருநாளும் வாய்விட்டுப் பாராட்டாதவர் அவர்.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதைச் சொல்லக் கூப்பிட்ட அவர் மகள் இன்னொன்றும் சொன்னாள். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது அம்மா நர்ஸை நிறுத்தி, போனை நீட்டி அந்த வீடியோவைக் காட்டினாராம்.

"இது என் தம்பி. படுத்துக் கெடந்தவன நிமித்தி எனக்குக் காட்டுனது அவன் பொண்டாட்டி, எங்க வீட்டுப் பிள்ள."

கேட்டதும் அழுதுவிட்டேன். இப்போது மதினி கம்பை ஊன்றி நடக்கிறார். குவார்ட்டர்ஸில் யார் ஓய்வு பெற்றாலும் சாய்ந்த வீடியோ என்னிடம்தான் வருகிறது. ஆட்டோக்காரர் இன்னும் போனை வயிற்றோடுதான் அமுக்குகிறார். அந்தக் கேட்டுக்கு உள்ளே என் கணவர் செய்த வேலையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை, ஆனால் அங்கிருந்து அவர் தலை நிமிர்ந்து வந்ததை அவருடைய அக்காவுக்குக் காட்டியது என் கை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது.