மேல் வீட்டு ஞானத்தாய்

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூர் பக்கம் மத்திகிரியில் ஒரு ஞானஸ்நானம். பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் மகளுக்கு. ஸ்டெல்லா கத்தோலிக்கப் பெண். கணவர் சிவா இந்து. காதல் கல்யாணம்.

சர்ச்சில் பூசை முடிந்தது. குழந்தை வெள்ளை கவுனில் ரெடி. குழந்தையை ஏந்தி நிற்கும் ஞானத்தாய்தான் இல்லை!

நிற்க வேண்டியவள் ஸ்டெல்லாவின் அக்கா மேரி. அயர்லாந்தில் நர்ஸ். கடைசி நேரத்தில் லீவு கேன்சல். 'அதனால் என்ன, வீடியோ கால் இருக்கே' என்று அக்காவும் தங்கையும் முடிவு செய்துவிட்டார்கள். ஃபாதரிடம் சொல்லத்தான் மறந்துவிட்டார்கள்.

"செல்போன் எப்படிம்மா புள்ளையத் தூக்கும்?" என்றார் ஃபாதர். "நேர்ல ஒருத்தர் நிக்கணும்."

காவேரிப்பட்டினத்திலிருந்து வேனில் கிளம்பிய ஸ்டெல்லாவின் சொந்தங்களோ சூளகிரி டிராஃபிக்கில். ஃபாதருக்கு அடுத்து வேறு ஊரில் பூசை. காத்திருக்க முடியாது.

ஸ்டெல்லா கண்கலங்கி என் கையைப் பிடித்தாள். "அக்கா, நீங்களாச்சும் நில்லுங்கக்கா."

ஃபாதர் என் நெற்றி விபூதியைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"கத்தோலிக்கரா இருக்கணும்மா. ஞானஸ்நானத்துக்கு அப்புறம் குடுக்கற உறுதிப்பூசுதலும் வாங்கியிருக்கணும்."

அப்போதுதான் கடைசி பெஞ்சில் சுஷ்மா கண்ணில் பட்டாள். எங்கள் காம்பவுண்டில் மாடி வீட்டுப் பெண். ஜார்க்கண்ட்காரி. எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவாள். ஸ்டெல்லாவுக்கோ அவள் வெறும் 'மேல் வீட்டு ஹிந்திக்காரப் புள்ள'. தண்ணி மோட்டார் சண்டையைத் தாண்டி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

"அந்தப் பொண்ணு?" என்றேன்.

ஸ்டெல்லா தயங்கினாள். முகம் தெரியாத… இல்லை, முகம் மட்டுமே தெரிந்த ஒருத்தியிடம் பிள்ளையைக் கொடுப்பதா?

போனுக்குள் இருந்து மேரி அதட்டினாள். "அடியே, நான் ஊருக்கு வர்றதே அபூர்வம். பக்கத்துல இருக்கறவ நிக்கட்டும்டி. இங்க எங்க சர்ச்சுல பூசை வெக்கிற ஃபாதரே கிருஷ்ணகிரிக்காரரு, தெரியுமா? வெள்ளக்காரங்க யாராச்சும் வேணாம்னாங்களா?"

சுஷ்மாவைக் கூப்பிட்டோம். உறுதிப்பூசுதல் ஊரிலேயே ஆகிவிட்டதாம். ஃபாதர் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் விஷயத்தை விளக்கினார். அவள் பார்த்தது ஸ்டெல்லாவைத்தான்.

"தீதி… அக்கா, உங்களுக்கு ஓகே?"

ஸ்டெல்லா குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டாள்.

வாங்கிய மாத்திரத்தில் சுஷ்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. ஊரை விட்டு வந்த பிறகு அவள் தூக்கிய முதல் குழந்தையாம்.

சடங்கு தமிழில்தான் நடந்தது. ஓர் இடத்திலும் அவள் தடுமாறவில்லை! எப்படி என்று பிறகு கேட்டேன்.

"வார்த்தை நிறையா தெரியாது ஆன்ட்டி. ஆனா எங்க ஊர்லயும் இதேதான். எந்த எடத்துல ஆமென் சொல்லணும், தெரியும்."

உலகமயம் என்றால் அயர்லாந்து அக்கா ஸ்கிரீனில் தெரிவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஜார்க்கண்டில் கற்ற ஆமென் மத்திகிரியில் செல்லுபடியாவதும் அதுதான் போலிருக்கிறது. ஓசூர் பக்கம் வேலைக்கு வருகிறவர்களுக்கு வாடகை வீடு சீக்கிரம் கிடைத்துவிடுகிறது. உறவு கிடைக்கத்தான் நாளாகிறது. சுஷ்மாவுக்கு அது சர்ச் வழியாக வந்தது.

மதியம் பிரியாணி. சாமல்பட்டியிலிருந்து வந்திருந்த சிவாவின் அம்மா, சுஷ்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த ஊரு கண்ணு? என்ன சனம்?"

ஜாதியைத்தான் கேட்கிறார்! சுஷ்மாவுக்குப் புரியவில்லை. சிரித்தாள். அந்தம்மா அவள் இலையில் இன்னொரு கறித்துண்டை வைத்தார்.

"சரி, அத்த விடு. உனுக்கு எப்போ கண்ணாலம்?"

சொந்தக்காரி ஆகிவிட்டாள் என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?