மணியாச்சியில் கூப்பிட்ட பேர்

என் வீட்டுக்காரருக்கு என்னிடம் ஒரே ஒரு ஆசைதான். அவர் பேரைச் சொல்லி நான் ஒரு தடவை கூப்பிட வேண்டும். வேறு புருஷன்மார் என்னென்னவோ கேட்பார்கள், இவருக்கு இது. நான் கூப்பிடவில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். நானும் நம்பினேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் கோவில்பட்டிக்குக் குடிவந்தோம். அவருக்கு ஆயில் எஞ்சின் ரிப்பேர் வேலை. சுற்றுப்பட்டியில் எந்தக் கிணற்றில் எஞ்சின் நின்றாலும் எங்கள் வீட்டுக்கு ஆள் வந்துவிடும். ஸ்பேனர் பையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் பறந்துவிடுவார். மழைக் காலத்தில் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பாரே தவிர, நாளைக்குப் போவோம் என்று இருக்க மாட்டார். சாப்பிடும்போதே ஒரு கால் வாசலில் நிற்கும்.

"அடுப்புல வச்ச பால் கணக்கா ஏன் பொங்கிக்கிட்டு நிக்குதீங்க? உக்காந்து ரெண்டு வாய் சாப்பிட்டா என்ன?" என்று கத்துவேன்.

"பேரைச் சொல்லி உக்காரச் சொல்லு, உக்காருதேன்."

"போங்க அங்கிட்டு!"

ஒருநாள் என் தங்கச்சி கல்யாணத்துக்குத் திருநெல்வேலிக்கு ரயிலில் போனோம். பெரியவளுக்கு நாலு வயசு, சின்னவள் கைக்குழந்தை. வண்டி மணியாச்சியில் நின்றதும் கூஜாவைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். தண்ணீர் பிடித்தோமா, வந்தோமா என்று உண்டா? குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பம்ப் இருந்திருக்கிறது. அதைக் குனிந்து பார்த்துக்கொண்டு, அங்கே நின்ற ஆளிடம் விசாரணை நடக்கிறது. வண்டி ஊதியது கூடக் காதில் விழவில்லை. டிக்கெட்டெல்லாம் அவர் பையில். நான் தனியாக ரயிலில் போனதே கிடையாது.

"ஏங்க! இங்கேருங்க!" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். பிளாட்பாரத்தில் நாலைந்து ஆண்கள் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. பேர் தொண்டை வரைக்கும் வந்தது. வாயை இறுக்கிக்கொண்டேன். வண்டி நகர்ந்தேவிட்டது. அப்போது பெரியவள் கம்பியில் முகத்தை வைத்து, என் மாமியார் கூப்பிடுகிற மாதிரியே "ஏலே" போட்டு, அவர் பேரை முழுசாகச் சொல்லிக் கத்தினாள் பாருங்கள்! மனுஷன் விசுக்கென்று திரும்பினார். தண்ணீர் சிந்தச் சிந்த ஓடிவந்து கடைசிப் பெட்டியில் தொற்றிக்கொண்டார். நான் பிள்ளை முதுகில் ஒன்று வைத்தேன். அடுத்த நிமிஷமே அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அடுத்த ஸ்டேஷனில் எங்கள் பெட்டிக்குச் சிரித்துக்கொண்டே வந்தார். "வண்டியே போனாலும் பேரைச் சொல்ல மாட்டே, என்னட்டி?"

"உங்க ஆயுசுதான் எனக்குப் பெரிசு" என்றேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் குனிந்தார். "ஏட்டி, ஒரே ஒரு தடவ கூப்பிடு. எந்த ஊர்ல இருந்தாலும் ஓடி வந்திருவேன்."

"கெழவனாகுங்க. அப்பக் கூப்பிடுதேன்."

அதைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகளுக்குச் சடை பின்னிவிடுவது அவர்தான். ரிப்பன் எல்லாம் டீசல் வாடை அடிக்கும். பின்னிக்கொண்டே, "ஒங்கம்மாட்ட சொல்லுங்க, அப்பாவுக்கு ஒரு முடி நரைச்சிட்டுன்னு" என்பார். பிள்ளைகள் வந்து என்னிடம் கத்தும். எனக்குச் சிரிப்பு வரும், காட்டிக்கொள்ள மாட்டேன்.

அவர் நாற்பது வயதைக்கூடத் தொடவில்லை. கயத்தாறு பக்கம் ஒரு கிணற்றடியில் எஞ்சினைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கட்டிலைச் சுற்றி அவர் அம்மா, அக்கா, சேக்காளிகள் எல்லாரும் அவர் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கண் என் மேலேயே நின்றது. என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா? வாயைத் திறந்தேன். இருக்கிற கொஞ்ச உயிரையும் நானே போக்கிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. கால்மாட்டில் நின்று "ஏங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஆயுசு ஆயுசு என்று பொத்தி வைத்தேனே, எங்கே போயிற்று அந்த ஆயுசு? இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. அவர் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் உடனே எழுந்துவிடுவேன். "அப்பா மாதிரியே செய்யுதீங்கம்மா" என்றாள் பெரியவள்.

இறப்பைப் பதிய முனிசிபல் ஆபீசுக்கு அவளைத்தான் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பேரை அவள் சொல்ல வேண்டும் என்றுதான் ஏற்பாடு. எழுதுகிறவர், "இறந்தவர் பேர் என்னம்மா?" என்றார். பிள்ளை வாயைத் திறந்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நானே சொல்லுதேன்."

சொன்னேன். எழுதுகிறவருக்குக் கேட்கவில்லை. "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா" என்றார். ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். சொல்லிவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

எழுதுகிறவர் பேனாவை நிறுத்தினார். "யாரும் வரணுமாம்மா?"

"இல்லைய்யா, எழுதுங்க" என்றேன்.